1890 நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவம்: தாள்கள், பணம், தேதிகள்

அமெரிக்காவில் வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம். காலையில் மாணவர் தளத்துக்குள் போய்ப் பார்த்தால், நான் பதிவு செய்திருந்த மூன்று பாடங்களும் காணவில்லை. கட்டணம் வந்து சேரவில்லை என்று என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு அங்கே 'பர்ஜ்' என்று பெயர். முழுக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு என்று எழுதிய கடிதத்தோடு போனவள் நான். அந்த விலக்கு என் கணக்கில் ஏறவே இல்லை, அதை ஏற்ற வேண்டியது யார் என்றும் எனக்குத் தெரியவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பாடம் இல்லை என்றால் அங்கே தங்கும் தகுதியே ஆட்டம் காணும். மூன்று நாள் அலைந்து பாடங்களைத் திரும்ப வாங்கினேன். அந்த மூன்று நாளும் உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு? அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும், கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய 19 நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் (வேளாண்மை, பொறியியல் கற்பிக்க அரசு உதவியோடு அமைந்தவை) இருக்கின்றன. வட கரோலினா ஏ அண்ட் டி, டஸ்கீகி, ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், டென்னசி ஸ்டேட், பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம், அலபாமா ஏ அண்ட் எம், சதர்ன், அல்கார்ன் ஸ்டேட் எல்லாம் இந்தக் குடும்பம். வேளாண்மை, உணவு அறிவியல், பொறியியல் படித்துவிட்டு முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ இவற்றில் ஒன்றுக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. ஆஃபர் லெட்டர் வந்ததும்: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இங்கே செலவழிக்கும் அரை மணி நேரம் பின்னால் மூன்று நாளைக் காப்பாற்றும்.

1890 பல்கலைக்கழகங்களின் வேளாண் ஆராய்ச்சிக்குக் கூட்டாட்சி அரசு தரும் முக்கியமான பணம் எவன்ஸ்-ஆலன் நிதி. உங்கள் பேராசிரியரின் ஆய்வுத் திட்டம் அதில் ஓடினால், உங்கள் மாத உதவித்தொகையும் அதிலிருந்து வரலாம். ஆனால் அந்த நிதியிலிருந்து மாணவரின் படிப்புக் கட்டணத்தைக் கட்டக் கூட்டாட்சி விதி இடம் தராது. கட்டண விலக்கு வேறு பையிலிருந்து வர வேண்டும்: பட்டமேற்படிப்புப் பள்ளி, கல்லூரி நிர்வாகம், அல்லது வேறொரு ஆய்வு மானியம். என் விஷயத்தில் இந்த இரண்டாவது பையைத் திறக்க வேண்டிய படிவம் ஒருவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது.

அந்த இரண்டாவது பை எப்போதும் நிறைந்திருப்பதும் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறைச் செயலரும் வேளாண் துறைச் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் தராமல் விட்ட தொகை மொத்தம் 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று அதில் இருந்தது. அலுவலகத்தில் ஆள் குறைவாக இருப்பதையும் ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பதையும் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கோபம் பாதி குறையும்.

சரி, பேராசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி இவற்றைக் கேளுங்கள்:

- மாத உதவித்தொகை எவ்வளவு, 9 மாதமா 12 மாதமா?
- கட்டண விலக்கு முழுமையா, வெளிமாநில மாணவருக்கான கூடுதல் கட்டணமும் அதில் அடங்குமா?
- மாணவர் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு?
- விலக்குப் படிவத்தை யார் தாக்கல் செய்வார், எந்தத் தேதிக்குள்?
- திட்ட நிதி எந்த மாதம் முடிகிறது?

மூன்றாவது கேள்வியில்தான் பலரும் மாட்டுகிறார்கள். 'டியூஷன்' என்றால் பாடத்துக்கான கட்டணம் மட்டும். தொழில்நுட்பம், உடல்நலம், விளையாட்டு என்று தனித்தனியாகச் சேரும் கட்டணங்களும் காப்பீடும் ஒரு பருவத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகலாம். அதை நீங்களே கட்டும்படி இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் 1890 தேசிய உதவித்தொகைத் திட்டம் என்று அமெரிக்க வேளாண் துறையின் பெரிய திட்டம் கண்ணில் படும். அது இளங்கலைக்கு, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

2. பெயர்: பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய்யுங்கள்

நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வரும், முதல் பெயர் தெரியாது என்று பொருள். அப்புறம் வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளம், காப்பீடு என்று எங்கு போனாலும் அது கூடவே வரும். ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி பதிந்துவிட்டால் சரிசெய்ய மாதங்கள் ஆகும்.

அதனால், விண்ணப்பிக்கும் முன்பே தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். அதன் பிறகு எல்லா இடத்திலும், விமானச் சீட்டு உட்பட, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு இருந்தால் இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும்

பல்கலைக்கழகத்தில் முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய பட்டியல்) ஐந்து செட் வாங்குங்கள். பிறகு வாங்க நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், தம்பியோ அப்பாவோ அலைய வேண்டியிருக்கும். 10 புள்ளிக் கணக்கில் உள்ள ஓ.ஜி.பி.ஏ.வை (மொத்தச் சராசரியை) நீங்களாக 4 புள்ளிக்கு மாற்றி எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி கொடுங்கள். நம் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிடும் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்று சேர்க்கை அலுவலகம் கேட்டால், எந்த நிறுவனத்தை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடைசிப் பருவத் தேர்வு முடியும் முன்பே சேர்க்கை கிடைத்தவர்கள் கவனியுங்கள். பட்டம் பெற்றதைக் காட்டும் இறுதி டிரான்ஸ்கிரிப்டைப் பிறகு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாதபடி உங்கள் கணக்கில் ஒரு 'ஹோல்ட்' விழும்.

4. ஐ-20, செவிஸ், விசா

ஐ-20 என்பது சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் படிவம், விசாவுக்கு அது வேண்டும். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் பதிவேடு. கட்டணக் கணக்கு: செவிஸ் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். 2025இல் வந்த சட்டத்தில் 250 டாலர் விசா கட்டணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது, அதையும் ஒதுக்கி வையுங்கள். ஐ-20 கைக்கு வந்ததும் அதில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், தொடக்கத் தேதி, பண விவரம். கடிதத்தில் சொன்ன உதவித்தொகையும் கட்டண விலக்கும் ஐ-20இல் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்தத் தொகைக்கும் சேர்த்து நீங்கள் வங்கி இருப்பு காட்டும்படி ஆகும்.

ஆகஸ்ட் நடுவில் வகுப்பு என்றால் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதிக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்ற கேள்வி வரும். பேராசிரியரின் ஆய்வைப் பற்றி உங்கள் வார்த்தையில் நாலு வரி சொல்லத் தெரிந்தால் போதும். நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசினேன், ஏனென்றால் நான் போனது அதற்குத்தான்.

ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே நுழைய முடியாது. விமானச் சீட்டு போடும்போது எண்ணிப் பாருங்கள். ஐ-20, ஆஃபர் லெட்டர் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும்.

5. தடுப்பூசிகளை ஊரிலேயே முடியுங்கள்

பருவம் பாதியில் மாணவரை வெளியே அனுப்பும் காரணங்களில் இதுவும் ஒன்று. வட கரோலினா மாநிலச் சட்டப்படி, தேவையான தடுப்பூசிச் சான்றை 30 நாளுக்குள் கொடுக்காத மாணவர் வகுப்பில் தொடர முடியாது. டெக்சாஸில், பிரெய்ரி வியூ மாதிரி இடத்துக்குப் போகும் 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பருவம் தொடங்க 10 நாளுக்கு முன்பே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உங்கள் மாநிலத்தின் பட்டியலைப் பல்கலைக்கழக உடல்நல மையத்திடம் கேட்டு வாங்குங்கள்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை அநேகமாக எங்கும் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஜூலை கடைசியில் தொடங்கினால் முடியாது. சான்றிதழில் ஒவ்வொரு ஊசியின் தேதியும், மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

காசநோய்ப் பரிசோதனைக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறை வேண்டாம். நாம் எல்லோரும் குழந்தையில் பி.சி.ஜி. போட்டவர்கள், தோல் தடித்து நோய் இருப்பதாகக் காட்டிவிடலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

6. வீடும் முதல் இரண்டு மாதப் பணமும்

கிரீன்ஸ்பரோ, நாஷ்வில், டல்லஹாசி எல்லாம் நகரங்கள், பேருந்து உண்டு. டஸ்கீகி, பிரெய்ரி வியூ, அல்கார்ன் ஸ்டேட் இருக்கும் லோர்மன், மேரிலாந்து கிழக்குக்கரைப் பல்கலைக்கழகம் இருக்கும் பிரின்சஸ் ஆன் போன்றவை சின்ன ஊர்கள். அங்கே கார் இல்லாமல் காய்கறி வாங்கப் போவதே ஒரு நாள் வேலை. வாடகை குறைவு என்று தூரத்தில் வீடு பிடிக்காதீர்கள், நடக்கும் தூரத்தில் பாருங்கள். இந்திய மாணவர் சங்கம் இருந்தால் எழுதிக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் யாரோடாவது தங்கிக்கொண்டு, நேரில் பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தம் 12 மாதத்துக்கு இருக்கும், நடுவில் விட முடியாது.

கையில் எவ்வளவு வேண்டும்? முதல் சம்பளம் செப்டம்பர் கடைசிக்கு முன் வரும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அக்டோபரில்தான் வந்தது. முன்பணம், இரண்டு மாத வாடகை, சாப்பாடு, பாத்திரம், படுக்கை, விலக்கில் அடங்காத கட்டணம் எல்லாம் சேர்த்து நான் 3,500 டாலர் கொண்டுபோயிருந்தேன், அது சரியாக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் குறையும்.

7. இறங்கிய முதல் பதினைந்து நாள்: இந்த வரிசையில்

வரிசை மாறினால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை போக வேண்டிவரும்.

முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். பாஸ்போர்ட், ஐ-20, இணையத்திலிருந்து எடுத்த ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) மூன்றையும் காட்டி வருகையைப் பதியுங்கள். முகவரி மாறினால் 10 நாளுக்குள் இவர்களிடம் சொல்ல வேண்டும், இதை மறக்கவே கூடாது.

அன்றே மாணவர் தளத்தில் 'ஹோல்ட்' இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஹோல்டுக்கும் ஓர் அலுவலகம் இருக்கும்: தடுப்பூசிக்கு உடல்நல மையம், டிரான்ஸ்கிரிப்டுக்குச் சேர்க்கை அலுவலகம், கட்டணத்துக்குக் கணக்குப் பிரிவு. கல்வி நாட்காட்டியில் பர்ஜ் தேதி எது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பே விலக்கு கணக்கில் ஏறிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். 'ப்ராசஸில் இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். யாருடைய கையெழுத்து பாக்கி என்று கேட்டு, அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.

நான் அலைந்த மூன்று நாளில் முதல் இரண்டு நாள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் துறை அலுவலகத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன். அவரை எல்லோரும் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், தென்மாநிலங்களில் பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. நான் போன வேகத்தில் பிரச்சினையைக் கொட்டத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தி, "குட் மார்னிங், பேபி" என்றார். நானும் வணக்கம் சொன்ன பிறகுதான் பேச விட்டார். அப்புறம் இரண்டே தொலைபேசி அழைப்பு. மதியம் படிவம் கையெழுத்தானது, மாலைக்குள் பாடங்கள் திரும்ப வந்தன. அங்கே கதவைத் திறந்ததும் முதலில் வணக்கம், பிறகுதான் காரியம். நடைபாதையில் எதிரே வருகிறவர் முன்பின் தெரியாதவர் என்றாலும் இதேதான்.

அடுத்து வங்கிக் கணக்கு. பிறகு சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சமூகப் பாதுகாப்பு எண்: நாட்டுக்குள் வந்து பத்து நாள் கழித்துப் போங்கள். வேலை தரும் துறையின் கடிதம், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதம் இரண்டும் வேண்டும். வேலை தொடங்கிய மூன்று வேலை நாளுக்குள் ஐ-9 படிவத்தை (வேலை செய்யும் தகுதியைச் சரிபார்ப்பது) முடிக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்தால்தான் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும். பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அதுவும் வளாகத்துக்குள் மட்டும். வெளியே கடையில், பெட்ரோல் நிலையத்தில் கையில் காசு தருகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

8. வகுப்பறை

முதுகலை மாணவருக்குப் பெரும்பாலும் 9 கிரெடிட், இளங்கலைக்கு 12 கிரெடிட் குறையாமல் இருக்க வேண்டும். முழுக்க இணையவழிப் பாடம் ஒன்றைத்தான் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். பாடம் கடினம் என்று நீங்களாகக் கைவிட்டு எண்ணிக்கை குறைந்தால் விசா நிலை போய்விடும், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். சராசரி 3.0க்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை வரும், உதவித்தொகைக்கும் ஆபத்து.

முதல் நாள் தரும் சிலபஸ் தாள் ஒரு ஒப்பந்தம் மாதிரி. எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், தாமதமானால் எவ்வளவு கழிப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் கடைசி மாதம் படித்துத் தேறிய பழக்கம் அங்கே உதவாது, ஏனென்றால் நான்காவது வாரத்திலிருந்தே மதிப்பெண் சேர்ந்துகொண்டிருக்கும். புத்தக வரிகளை அப்படியே எழுதுவது நமக்கு நல்ல விடை, அங்கே அது திருட்டு. மேற்கோள் குறியும் ஆதாரமும் இல்லாமல் ஒரு பத்தி கூட எடுக்காதீர்கள்.

பேராசிரியர்களை 'டாக்டர்' சேர்த்து அழையுங்கள். மற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நண்பர்கள் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்பார்கள். இங்கே பலரும் அந்தப் பட்டத்தைத் தங்கள் குடும்பத்திலேயே முதலாவதாக வாங்கியவர்கள். வேலைவாய்ப்புக் கண்காட்சிக்கு மாணவர்கள் கோட்டு சூட்டில் வருவார்கள், ஜீன்ஸோடு போகாதீர்கள். ஊரிலிருந்து ஒரு நல்ல கோட்டு தைத்துக்கொண்டு போனால் பணம் மிச்சம்.

9. வளாகத்தில் எப்படி இருப்பது

கிளம்பும்போது உறவினர் ஒருவர், "வேறு இடம் கிடைக்கலியா, கறுப்பர்கள் காலேஜுக்கா போறே?" என்று கேட்டார். உங்களிடமும் கேட்பார்கள். தோல் நிறத்தை வைத்து வீட்டில் சாதாரணமாகப் பேசும் பேச்சு எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், தமிழில் தானே, யாருக்குப் புரியும் என்று கூட. நான் படித்த ஆய்வுக்கூடத்தில் என்னைக் கையைப் பிடித்துக் கருவிகளைச் சொல்லிக்கொடுத்தவர்கள், குளிருக்கு மேல்கோட்டு தந்தவர்கள் எல்லாம் கறுப்பின மாணவர்கள்தான்.

வளாகத்தை அவர்கள் 'யார்ட்' என்பார்கள். ஒன்பது கறுப்பினச் சகோதர, சகோதரிச் சங்கங்கள் உண்டு, 'டிவைன் நைன்' என்று பெயர். அந்தச் சங்கத்தார் வரிசையாக ஆடிக்கொண்டு போகும்போது நடுவில் குறுக்கே நடக்கக் கூடாது. அவர்கள் கை முத்திரையையும் குரலையும் விளையாட்டுக்குக் கூடச் செய்துகாட்டக் கூடாது.

அக்டோபர் ஒட்டி ஹோம்கமிங் வரும். பழைய மாணவர்கள் குடும்பத்தோடு திரும்பி வரும் திருவிழா அது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மாதிரிதான். தெருக்கள் அடைபடும், விடுதி அறை கிடைக்காது. அந்த வாரம் சோதனையையோ வீடு மாறுவதையோ வைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் கால்பந்து புரியாவிட்டாலும் இடைவேளை வரை இருந்து பேண்ட் வாசிப்பதைக் கேளுங்கள். டென்னசி ஸ்டேட் பேண்ட் 2023இல் கிராமி விருதே வாங்கியிருக்கிறது. கிரீன்ஸ்பரோவில் இருப்பவர்கள், 1960 பிப்ரவரி 1 அன்று ஏ அண்ட் டி மாணவர்கள் நால்வர் உட்கார்ந்து போராடிய வுல்வொர்த் கடை இப்போது அருங்காட்சியகமாக இருப்பதை முதல் மாதத்திலேயே போய்ப் பாருங்கள்.

சாப்பாடு: சைவம் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கீரைதானே என்று எடுத்த காலர்ட் கீரையிலும், பீன்ஸிலும் பன்றி இறைச்சியோ புகையூட்டிய வான்கோழியோ போட்டு வேகவைத்திருப்பார்கள். சோளரொட்டியும் கிரிட்ஸும் நமக்கு ஒத்துக்கொள்ளும். கிரிட்ஸ் ஏறக்குறைய நம் சோளக்கஞ்சிதான், ஊறுகாயோடு நன்றாக இருக்கும்.

10. நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

சம்பளச் சீட்டைப் பாருங்கள். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து ஆண்டு சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

ஏப்ரல் 15க்குள் வரித் துறைக்கு 8843 படிவமும் 1040-என்.ஆர். வருமான வரிக் கணக்கும் அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவுப்படி நிலையான கழிவு உண்டு, சாதாரண மென்பொருளில் போட்டால் அது விட்டுப்போகும். வெளிநாட்டு மாணவர் அலுவலகம் தரும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

1890 பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநர்கள் சங்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கருத்தரங்கில் மாணவர்கள் போஸ்டர் வைக்கலாம். பயணச் செலவைப் பெரும்பாலும் துறையே பார்க்கும், சுருக்கம் அனுப்பும் தேதியைப் பேராசிரியரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

படிப்பு முடிந்து வேலை செய்ய ஓ.பி.டி. என்ற அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முதல் நாளே அனுப்புங்கள். படிக்கும்போதே முழுநேர சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) 12 மாதம் செய்துவிட்டால் ஓ.பி.டி. கிடைக்காது.

அப்புறம், ஒவ்வொரு மார்ச் மாதமும் பேராசிரியரிடம் போய் அடுத்த ஆண்டுக் கடிதத்தைக் கேளுங்கள்: உதவித்தொகை எந்தப் பையிலிருந்து, கட்டணம் எந்தப் பையிலிருந்து, கோடை மூன்று மாதம் உண்டா, படிவத்தில் கையெழுத்துப் போடுவது யார். காலை நேரத்தில் போங்கள், வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.